சோதனைக்கு ஒன்று

பகலில் நான் காயில் கட்டுகிறவன்.
ஷார்ஜாவில், சஜாவில், தகரக் கூரைக்குக் கீழே
பதினைந்து குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார்கள்
வயிறு கருகி வந்து வரிசையில் கிடக்கும்.
கருகிய செம்பை உளி வைத்து உருவி
காடிக்குக் காடி தாள் செருகி
நாற்பத்தாறு சுற்று.
நடுவில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால்
முதலிலிருந்து எண்ண வேண்டும்.
வார்னிஷ் ஊற்றி, சூளையில் காயவைத்து,
மெகர் வைத்துப் பார்த்து, கரண்ட் கொடுக்கும்போது
எல்லோருமே ஓரடி பின்னால் நிற்போம்.
புகை வந்துவிடக் கூடாது.

இரவில், அறை எண் பதினேழில்,
கீழ்க்கட்டிலில் துண்டை விரித்து
அதே வேலையை
புகை வரவேண்டும் என்று செய்கிறேன்.

ஆரம்பித்துவைத்தவன் ஷொஃபிகுல்.
கடையில் ஒரு காயில் முப்பது திர்ஹம்,
பத்து நாளில் தீய்ந்துவிடுகிறது என்றான்.
யானைக்குக் கட்டுகிறவன்
எறும்புக்குக் கட்டமாட்டாயா
என்று அவனுடைய அரை இந்தியில் கேட்டான்.

காந்தால் கம்பி, இருபத்தாறு கேஜ்.
வாட்ச் ஸ்க்ரூடிரைவரின் கழுத்தில்
ஆறே சுற்று. எண்ணத் தொடங்குமுன் முடிந்துவிடும்.
கால்களைத் தூணில் நுழைத்துத் திருகினால்
மீட்டரில் புள்ளி ஆறு ஓம்.
பொத்தானைத் தட்டித் தட்டி விட
முதலில் ஓர் ஓரம் மட்டும் சிவக்கும், கோபக்காரன் காதுபோல.
இடுக்கியால் மெல்ல நெருக்க
நடுவிலிருந்து இருபக்கமும் ஒன்றாய்ப் பழுக்கும்.

பஞ்சுதான் ஆளைச் சோதிப்பது.
இறுக்கித் திணித்தால் சாறு ஏறாது,
முதல் இழுப்பிலேயே கருகல் தொண்டையைக் கிழிக்கும்.
தளர விட்டால் ஒழுகும்.
நர்சிம்மலுவின் விசா நகலில்
மாம்பழ வாசம் வந்தது அப்படித்தான்.
உருவும்போது கம்பி நகராமல்
லேசாக முனக வேண்டும்.
எவ்வளவு லேசாக என்று கேட்காதீர்கள்,
விரலுக்குத்தான் தெரியும்.
விரலும் சில நாள் பொய் சொல்லும்.

மேகம் பெரிதாக வேண்டும்,
புள்ளி ஒன்றுக்கு இறக்கு என்றான் ஜோபி.
பாட்டரியைத் திருப்பிப் பார்த்தேன், மேலுறை கிழிந்திருந்தது.
முடியாது என்றேன்.
மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
நாலாம் நாள் புதுப் பாட்டரியோடு வந்து
ஆறு சுற்றே போதும் என்றான், சுவரைப் பார்த்து.

நான் புகைக்கிறவன் இல்லை.
கட்டியதைச் சோதிக்காமல் கொடுக்கிறவனும் இல்லை.
கருவிக்கு ஒரே இழுப்பு, அவ்வளவுதான்.
எங்கள் அறையில் ஏழு பேர், எதிர் அறையில் ஐந்து,
லாரி ஷெட்டிலிருந்து வருகிறவர்கள் தனி.
கணக்கில் கெட்டிக்காரன்தான்,
இந்த ஒரு கணக்கை மட்டும் கூட்டிப் பார்த்ததில்லை.
போன வாரம் யாரும் கேட்காமலே
ஷொஃபிகுலின் தலையணைக்கடியிலிருந்து கருவியை எடுத்து
ஒருமுறை சரிபார்த்துவிடுகிறேன் என்றேன்.
அவன் சிரித்திருக்கலாம்.
சிரிக்கவில்லை.

நேற்றிரவு பூங்கோதை போன் செய்தாள்.
இங்கே பத்து, அங்கே பதினொன்றரை.
நல்லவேளை, படம் இல்லாத அழைப்பு.
"அது என்னங்க பொரியுது?"

நனைந்த பஞ்சில் கம்பி சூடேறினால்
கடுகு வெடிக்கிற மாதிரியேதான் கேட்கும்.

"தாளிக்கிறேன்."
"இந்நேரத்துலயா? என்ன?"
"ரசம்."
"பெருங்காயம் இருக்கா அங்க?"
இருக்கு என்று சொல்ல வாய் திறந்தேன்.
சொல்லுக்கு முன்னால் வெள்ளையாய் ஒரு பொதி கிளம்பி
மேல்கட்டில் பலகையில் முட்டி
நாலாபக்கமும் கலைந்தது.
அறை முழுக்க மாம்பழம்.
"இருக்கு" என்றேன்.

இன்று காலை
மோட்டாருக்குள் கையை விட்டு
முப்பத்தொன்றில் இருந்தபோது
சட்டைப் பையில் அவள் குரல் வந்து விழுந்தது:
"ரசம் எப்படி இருந்துச்சு?"

முதலிலிருந்து எண்ணுகிறேன்.